போலீஸ் தடியடிக்குப் பிறகு போராட்டக் கூட்டம் ஏன் பெருகுகிறது?

அரசை எதிர்த்து மக்கள் வாரக்கணக்கில் தெருவிலேயே இருந்து போராடுவதைத் தொடர் போராட்டம் என்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தை உக்ரைன் அரசு நிறுத்திவைத்ததை எதிர்த்து, கீவ் நகரின் மைதான் சதுக்கத்தில் 2013 நவம்பர் 21 அன்று தொடங்கிய போராட்டம் ஓயும் நிலைக்கு வந்தபோது, நவம்பர் 30 விடியற்காலையில் பெர்குட் போலீஸ் படை அங்கிருந்த மாணவர்களைக் கண்மூடித்தனமாக அடித்து விரட்டியது. ஓடியவர்கள் புனித மைக்கேல் மடாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். மறுநாளே லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோரையும் "அது என் பிள்ளையாக இருந்திருந்தால்?" என்ற கேள்வி தெருவுக்கு இழுத்துவந்தது; கொதிக்கும் உலையை இறுக மூடினால் பொங்கி வழியத்தானே செய்யும். அதிபர் யானுகோவிச் 2014 பிப்ரவரியில் தப்பியோடினார். ஆனால், அடக்குமுறை எப்போதும் ஆட்சியைக் கவிழ்த்துவிடும் என்று பலர் நினைப்பது தவறு: பெலாரஸில் 2020இல் எழுந்த பெரும் போராட்டத்தை, பாதுகாப்புப் படைகள் தன் பக்கம் உறுதியாக நின்றதால், அந்நாட்டு அதிபர் லுகாஷென்கோ அடக்கிவிட்டுப் பதவியில் நீடித்தார்.