பிள்ளை பெற அனுமதிச் சீட்டு: கற்பனை நாட்டில் சலுகையை எங்கே வைப்பது?

“என் கதை நாட்டில் பிள்ளை பெற அரசின் சீட்டு வேண்டும், பணக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் படிக்கிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள், ஏன்?” என்று கேட்டிருந்தீர்கள்.

விலக்கைச் சட்டத்திலேயே எழுதிவிட்டதுதான் கோளாறு. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சீட்டு தரும் ஆபீஸ் ஈரோட்டில் என்று வையுங்கள். பர்கூர் மலையிலிருந்து வருகிறவள் விடியக்காலை பஸ் பிடித்து, அந்தியூரில் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜன்னல் முன்னால் நிற்கிறாள். “சாப்பாட்டு நேரமுங்க அம்மணி, அப்புறம் வாங்க.” மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை! மில்காரர் வீட்டு மருமகளுக்குச் சீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

நிஜத்திலும் பாருங்கள். 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருமுட்டை தருபவருக்கு 23 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். 2022இல் அதே ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியைப் பலமுறை கருமுட்டை கொடுக்க வைத்தது வெளியே வந்தது. அந்தக் கருமுட்டைகளை வாங்கியவர்கள் எந்தச் சிறுமியையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் கதையில் இடையில் நிற்கிற ஒரு தரகரை நுழைத்துவிடுங்கள். வில்லன் மாதிரி வேண்டாம். தெருவே ‘அக்கா’ என்று கூப்பிடுகிற ஒருத்தியாக இருக்கட்டும்.