ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, மக்னீசியம் மாத்திரை போதுமா?

மும்பை செம்பூர்லேருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வயசு 54, சுத்த சைவம், 10 வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின், பிபிக்கும் மாத்திரை உண்டு. ஃபோர்ட்ல வேலை, ஹார்பர் லைன்ல போக வர நின்னுக்கிட்டே தான் பயணம். வாரத்துல மூணு நாலு ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு உயிர் போகுதாம். மெடிக்கல்ல கேட்டு மக்னீசியம் மாத்திரையும் வைட்டமின் டி சாஷேயும் ரெண்டு மாசமா எடுத்தும் குறையலை, இது எந்த சத்துக் குறைவுன்னு கேக்குறாங்க.

அம்மா, உங்களுக்கு இது சத்துக் குறைவாலயே இல்லாம கூட இருக்கலாம். எங்க ஊர்ப்பக்கம் கொரக்களின்னு சொல்ற இந்தப் பிடிப்பு 50 வயசுக்கு மேல ரொம்பப் பேருக்கு வருது, அதுல பெரும்பாலானவங்களுக்கு பிளட் டெஸ்ட்ல எல்லாம் சரியா தான் இருக்கும். தூங்குறப்போ பாதம் தானா கீழ்நோக்கி நீண்டுக்கும், மேல கனமான போர்வை இருந்தா இன்னும் அழுத்தும், அப்போ கெண்டைக்கால் சதை ஏற்கனவே சுருங்கின நிலையில இருக்கு, அந்த நேரம் நரம்பு கொஞ்சம் அதிகமா தூண்டினா போதும், சதை கல்லு மாதிரி இறுகி விடவே மாட்டேங்குது. நாள் முழுக்க நின்ன கால்னா இன்னும் சுலபமா பிடிக்கும்.

மக்னீசியம் பத்தி நேராவே சொல்றேன். வயசானவங்களோட ராத்திரிப் பிடிப்புக்கு அது பெரிசா உதவலைன்னு தான் ஆய்வுகளை மொத்தமா அலசிப் பார்த்த காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்போட 2020 அறிக்கை சொல்லுது. ரெண்டு மாசம் சாப்பிட்டும் குறையலைன்னா நிறுத்திடுங்க, கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது உடம்புல தங்கி கெடுதலே பண்ணும். டி சாஷேயும் அப்படித்தான், ஒண்ணுல 60,000 யூனிட் இருக்கு, டெஸ்ட் எடுக்காம மாசக்கணக்கா வாரம் ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே போனா கால்சியம் ஏறி கிட்னியைப் பாதிக்கும். மெடிக்கல்ல டாக்டர் சீட்டு கேக்காமலே இதையெல்லாம் எடுத்துக் குடுக்கிற பழக்கம் எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு.

உங்க விஷயத்துல நான் முதல்ல பார்க்கிறது பி12. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுத்தா பி12 உறிஞ்சுறது குறையும், சைவச் சாப்பாட்டுல பால், தயிர் தவிர பி12 வர வழி ரொம்பக் கம்மி, உங்களுக்கு ரெண்டும் சேர்ந்திருக்கு. பி12 குறைஞ்சா பிடிப்பை விட மதமதப்பும் ஊசி குத்துற மாதிரியும் தான் அதிகம் இருக்கும், காலேருந்து செருப்பு கழண்டதே தெரியலைன்னு வந்து சொல்றவங்க இருக்காங்க. சுகரால வர்ற நரம்பு பாதிப்பும் அப்படியே தான் இருக்கும், அதனால அனுமானத்துல ஊசி போட்டுக்காம, முதல்ல ரத்தத்துல பி12 பாருங்க. கூடவே வைட்டமின் டி, கால்சியம், பொட்டாசியம், கிட்னிக்கு கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சுகரோட மூணு மாச சராசரி, இவ்வளவு போதும், பெரிய பேக்கேஜ் எல்லாம் வேண்டாம்.

அடுத்து உங்க பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பேருக்குப் பின்னாடி ஹெச்னு இருந்தாலோ, உள்ள ஹைட்ரோகுளோரோதயசைட்னு போட்டிருந்தாலோ அதுல நீர் பிரிய வைக்கிற மருந்து இருக்கு, அது பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே வெளியேத்தும், பிடிப்பும் வரலாம். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்காக தினம் இளநீர், பொட்டாசியம் சிரப்னும் ஆரம்பிச்சுடாதீங்க, ஏன்னா சில பிபி மாத்திரைங்க பொட்டாசியத்தை ஏத்தும், அது ரொம்ப ஏறினா இதயத் துடிப்பே தப்பும்.

இனி இன்னிக்கு ராத்திரிக்கு. படுக்கிறதுக்கு முன்னாடி சுவத்துலேருந்து ரெண்டடி தள்ளி நின்னு உள்ளங்கையை சுவத்துல ஊணிக்கோங்க, ஒரு காலைப் பின்னாடி வச்சு முழங்கால் மடங்காம, குதிகால் தரையிலேருந்து எழும்பாம உடம்பை முன்னாடி சாய்ங்க, கெண்டைக்கால்ல இழுவை தெரியும், 30 செகண்ட் அப்படியே நில்லுங்க, ஒவ்வொரு காலுக்கும் மூணு தடவை. நெதர்லாந்துல 55 வயசுக்கு மேல 80 பேரை வச்சு 2012ல வெளிவந்த ஆய்வுல, ராத்திரி ராத்திரி இப்படி நீட்டினவங்களுக்கு ஆறு வாரத்துல பிடிப்பு குறைஞ்சது, அதனால நாலு நாள்ல விட்டுடாதீங்க. நடு ராத்திரி பிடிச்சுட்டா எண்ணெய் தேடி ஓடாதீங்க, உக்காந்து காலை நீட்டி கட்டை விரலைப் பிடிச்சு மூஞ்சிப் பக்கமா இழுங்க, இல்ல எழுந்து வெறுங்கால்ல டைல்ஸ்ல குதிகாலை அழுத்தி நில்லுங்க, சதை கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுக்கும்.

ஒண்ணு மட்டும் பிரிச்சுப் பார்த்துக்கோங்க. சதை இறுகாம, காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல குறுகுறுன்னு இருந்தா அது வேற பிரச்சனை, அதுக்கு இரும்புச்சத்தைக் காட்டுற ஃபெரிட்டின் பார்க்கணும். நடந்தா வலிச்சு நின்னா விட்டா ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி சூடா, சிவந்து வலிச்சா உள்ள ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு, அதை யாரும் நீவ விடாதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க.