மூன்றாவது சிலிண்டரில் 95: எஞ்சினை இறக்கணுமா?

கேள்வி: என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வருடம் முன்பு வெளியில் சி.என்.ஜி. கிட் போட்டேன். இரண்டு மாதமாக ஒரு தொல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒழுங்காக ஓடுகிறது. சூடானதும் ஐட்லிங்கில் நடுங்குகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பிக்கப்பே இல்லை. பிளக், காயில் மாற்றியாகிவிட்டது. புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. பட்டறையில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், psi கணக்கில்) பார்த்தார்கள்: 172, 168, 95, 170. "போர் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கணும், அறுபத்தஞ்சாயிரம் ஆகும்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இறக்க வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று சோதனை பாக்கி இருக்கிறது, அவை முடியட்டும். உங்கள் மெக்கானிக் கேஜ் போட்டுப் பார்த்ததே நல்ல காரியம்தான். காதால் கேட்டே எஞ்சினுக்கு நாள் குறிக்கிற பட்டறைகளும் உண்டு. ஆனால் 95 என்கிற எண் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: மூன்றாவது சிலிண்டரில் அமுக்கிய காற்று நிற்காமல் எங்கேயோ ஓடுகிறது. எந்த வழியாக என்று அது சொல்வதில்லை. பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே போகலாம், வால்வு வழியாக மேலே போகலாம், ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) வழியாகப் பக்கத்தில் போகலாம். "போர் போயிடுச்சு" (சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டது) என்பது இந்த மூன்றில் ஒன்றை ஊகித்துச் சொன்னது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் வால்வு மேல், அதுவும் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மேல். காரணம் சொல்கிறேன்.

நாலு பிஸ்டனும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன, ஒரே ஏர் ஃபில்டர் வழியாக மூச்சு விடுகின்றன. தேய்மானம் என்றால் நாலும் முன்னே பின்னே சேர்ந்துதான் தேயும். மூன்று சிலிண்டர் 170-ஐ ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 95-க்கு விழுவது தேய்மானத்தின் குணம் இல்லை. ஒரு ரிங் உடைந்திருந்தால் இப்படி வரலாம். இன்ஜெக்டர் ஒழுகி ஒரு சிலிண்டர் சுவரிலிருந்த ஆயிலை மட்டும் கழுவியிருந்தாலும் வரலாம். ஆனால் ரிங் உடைந்த வண்டி பெரும்பாலும் ஆயில் குடிக்கும், பின்னால் நீலப்புகை விடும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

அடுத்தது, காலையில் சரியாக ஓடி, சூடானதும் நடுங்குவது. ரிங் தேய்ந்த எஞ்சின் பொதுவாக இதற்கு நேர்மாறு: குளிரில் திணறும், சூடாகி உலோகம் விரிந்ததும் கொஞ்சம் தேறும். சூட்டில் கெடுவது டாப்பெட் இடைவெளி (வால்வுத் தண்டின் நுனிக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடம்) செத்துப்போன வால்வின் பழக்கம். சூட்டில் வால்வின் தண்டு நீளும். நீள்வதற்கு இடம் விடத்தான் அந்த இடைவெளியே வைத்திருக்கிறார்கள். இடம் இல்லையென்றால் வால்வு முழுசாக மூடாது, மயிரிழை திறந்தே நிற்கும்.

மூன்றாவது, சி.என்.ஜி. கிட். கேஸ் காய்ந்த எரிபொருள்; பெட்ரோல் தரும் குளிர்ச்சியும் வால்வு மேல் படியும் மெல்லிய படிவமும் அதில் கிடைக்காது. கம்பெனியிலேயே சி.என்.ஜி.யோடு வரும் வண்டிகளுக்கு வால்வு சீட்டை (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) கடினமான உலோகத்தில் போடுவது இதனால்தான். வெளியில் கிட் மாட்டும்போது ஹெட் பழைய பெட்ரோல் ஹெட்டாகவே இருக்கும். சீட் மெல்ல மெல்லத் தேயும், வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், தண்டின் நுனி வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் பக்கம் நெருங்கும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தேய்ந்தால் இடைவெளி கூடும், டக்டக் என்று டாப்பெட் சத்தம் வரும் என்று காத்திருப்பார்கள். இதில் இடைவெளி குறையும். சத்தமே வராது, எஞ்சின் முன்னைவிட அமைதியாகக்கூட இருக்கும். "டாப்பெட் சத்தம் இல்லையே சார், அப்போ வால்வு நல்லாத்தான் இருக்கு" என்று எவ்வளவோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேஸ் வண்டியில் சத்தம் இல்லாததுதான் எனக்குக் கவலை.

ஆகவே முதல் வேலை வால்வு கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைப்பது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். பல பெட்ரோல் எஞ்சின்களில் இன்லெட் 0.2 மில்லிமீட்டரை ஒட்டியும், எக்ஸாஸ்ட் 0.3-ஐ ஒட்டியும் இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில் 0.05 தகடுகூட நுழையாவிட்டால் விஷயம் பாதி தெரிந்துவிட்டது. மற்ற மூன்று எக்ஸாஸ்டையும் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவையும் நெருங்கிக்கொண்டிருந்தால் அடுத்தது யார் என்பதும் தெரியும். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள எஞ்சின் என்றால் இந்தச் சோதனைக்கு இடமில்லை. நேரே காற்றுச் சோதனைக்குப் போக வேண்டும்.

பிறகு கம்ப்ரெஷனை இன்னொரு முறை, முறைப்படி. முதல் முறை எப்படிப் பார்த்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். நாலு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஒன்றை மட்டும் கழற்றி அளப்பது கணக்கில் சேராது. காயில் கனெக்டரையும் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, சி.என்.ஜி. சிலிண்டர் வால்வையும் கையால் மூடிவிட வேண்டும். ஆக்சிலரேட்டர் முழுசாக அழுத்தியிருக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு, ஆறேழு துடிப்பு, செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓசூரில் ஒரு வண்டிக்கு நாலும் 120 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வண்டிக்காரர் எஞ்சின் வேலைக்குப் பணம் புரட்டக் கிளம்பிவிட்டார். என் மேஸ்திரி வந்து பெடலை மிதித்துப் பிடித்து மறுபடி அடித்தார். நாலும் 160. மூச்சை அடைத்துவிட்டு, ஊதவில்லை என்று நான் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

ஓசூர் என்றதும் ஒன்று. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் 180 காட்டுகிற அதே எஞ்சின் ஓசூரில் 160-ஐ ஒட்டித்தான் காட்டும். பாலக்கோடு, தருமபுரிப் பக்கம் இந்த வித்தியாசம் குறைவு. மேனுவல் எண்ணோடு ஒப்பிட்டுப் பதறுவதைவிட சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் ஒப்பிடுவதே நியாயம். மிகக் குறைந்தது, மிக அதிகத்தின் முக்கால் பங்குக்குக் கீழே போனால் கோளாறு என்பது பழைய பட்டறைக் கணக்கு. உங்களுக்கு 172-இன் முக்கால் பங்கு 129. எனவே 95 சந்தேகமில்லாமல் கோளாறுதான்; அதில் மெக்கானிக்கோடு எனக்குச் சண்டை இல்லை.

கேஜையும் ஒரு கண் பாருங்கள். குழாயின் நுனியில் சின்ன வால்வு ஊசி இருக்கும். அது கெட்டுப்போனதும் பஞ்சர் கடை டியூப் ஊசியைப் போட்டுவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கம்ப்ரெஷன் கேஜுக்குரிய ஊசியின் ஸ்பிரிங் மென்மையானது. டியூப் ஊசியின் ஸ்பிரிங் கெட்டி, அதனால் எல்லா எண்ணையும் குறைத்துக் காட்டும். உங்கள் வண்டியில் மற்ற மூன்றும் ஒழுங்காக வந்திருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை, ஆனால் மூன்றாவதில் அடாப்டர் சரியாக உட்கார்ந்ததா என்று மறுபடி பார்க்கலாம்.

செல்ஃப் அடிக்கும்போது முள்ளைக் கவனியுங்கள். கடைசி எண்ணை விட அது ஏறும் விதம் அதிகம் பேசும். நல்ல சிலிண்டரில் முதல் துடிப்பிலேயே பாதிக்கு மேல் துள்ளும். ரிங் தேய்ந்ததில் முதல் துடிப்பு தாழ்வாக இருக்கும், பிறகு படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். வால்வு கசிந்தால் முதல் துடிப்பும் தாழ்வு, அதற்குப் பிறகும் பெரிதாக ஏறாமல் அங்கேயே முரண்டு பிடிக்கும்.

அதோடு சிரிஞ்சில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, எஞ்சின் ஆயிலை மூன்றாவது பிளக் துளை வழியாக விட்டு, இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி உட்கார்ந்து இடுக்கை அடைக்கும். 95 என்பது 140, 150 என்று எகிறினால் கசிவு கீழே, ரிங்கிலும் போரிலும். 100-ஐத் தாண்டாமல் நின்றால் மேலே, வால்விலோ கேஸ்கெட்டிலோ. தாராளமாக ஊற்றிவிடாதீர்கள், அதிகமான ஆயில் இடத்தை அடைத்தே கேஜ் அளவைக் கூட்டிவிடும், நாம் ஏமாறுவோம். டீசல் வண்டிக்கு இந்த வித்தை வேண்டவே வேண்டாம். அதில் மேலே இருக்கும் இடமே கொஞ்சம், ஆயிலை அமுக்கினால் கனெக்டிங் ராடு வளையலாம்.

சந்தேகத்தை முடித்து வைப்பது காற்றுச் சோதனை. மூன்றாவது பிஸ்டனை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, வண்டியை டாப் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, பிளக் துளை வழியாக கம்ப்ரெஸர் காற்றைக் கொடுப்பார்கள். கிராங்க் புல்லியில் ஸ்பானரை விட்டுவைக்கக் கூடாது. காற்று எஞ்சினையே சுற்றிவிடும், ஸ்பானர் பறக்கும். கசிவை அளக்கும் லீக் டவுன் மீட்டர் இல்லாத பட்டறையிலும் இதைச் செய்யலாம், அடாப்டரும் காதும் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும். சைலன்சர் வாயில் காதை வைத்தால் பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் குழாயில் சீறினால் இன்லெட். டிப்ஸ்டிக்கை உருவிய துளையில் சீறினால் ரிங். கொஞ்சம் சத்தம் அங்கே எப்போதும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரேடியேட்டரில் முட்டை முட்டையாகக் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். உங்கள் வண்டியில் சைலன்சர்தான் சீறும் என்று நினைக்கிறேன்.

கேஸ்கெட் என்றால் வழக்கமாகப் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும், உதாரணமாக 2-ம் 3-ம், சேர்ந்து விழும். நம் மாவட்டங்களில் இதற்குத் தனிக் காரணமே உண்டு. கூலண்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றுவது. இங்கே நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்பது வீட்டுக் குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் ஏசியும் போட்டு, ஆளும் ஏற்றி, தொப்பூர் ஏறும்போதுதான் முள் சிவப்பைத் தொடும். உங்களுக்கு 2-ஆவது 168-இல் நிற்பதால் இந்தக் கதை பொருந்தவில்லை. இருந்தாலும் கூலண்ட் கலரைப் பாருங்கள், துருப்பிடித்த தேநீர் மாதிரி இருந்தால் மாற்றிவிடுங்கள். நாலும் ஒன்றுபோலத் தாழ்ந்தால் அது வேறு விவகாரம்: செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது, டைமிங் செயின் பல் தாண்டியது, அல்லது நிஜமான தேய்மானம். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக்குப் போய்வரும் வண்டிகளில் கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஓட்டி நாலு போரையும் சேர்த்துத் தின்ன வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே "போர் போயிடுச்சு" என்றால் நம்பலாம்.

இனி உங்கள் முடிவு. இடைவெளி மட்டும்தான் செத்திருக்கிறது, வால்வு விளிம்பு இன்னும் எரியவில்லை என்றால், டாப்பெட் செட்டிங்கிலேயே 95 ஏறிவிடும். திருகு வைத்த டாப்பெட் என்றால் அரைநாள் வேலை. பக்கெட் டாப்பெட் என்றால் கேமைக் கழற்றி அளவு மாற்ற வேண்டும், ஒரு நாள் பிடிக்கும். செட் செய்த பிறகும் எண் ஏறாவிட்டால் விளிம்பு எரிந்திருக்கிறது. அப்போதும் கழற்ற வேண்டியது ஹெட்டை மட்டும். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும். ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து சீட் வெட்டி, கெட்ட வால்வை மாற்றி, லேப்பிங் (வால்வையும் சீட்டையும் உரசிப் பொருத்துவது) போட்டு, ஹெட்டின் மட்டத்தையும் பார்த்து வாங்க வேண்டும். எப்படியும் திறக்கிறோம், கேஸ் வண்டி வேறு. எக்ஸாஸ்ட் சீட் நாலையும் கடினமான சீட்டாக மாற்ற முடியுமா என்று லேத்காரரிடம் கேளுங்கள்.

ஹெட் கழன்றதும் நீங்களே போய் எட்டிப் பாருங்கள். போர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள், கம்பெனியில் ஹோனிங் செய்த கோடுகள், தெரிகின்றனவா? விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் எங்கேயாவது தட்டுகிறதா? கோடு தெரிந்து, நகம் தட்டாவிட்டால் பிஸ்டன் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கழற்றிய மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளிம்பில் ஒரு இடம் மட்டும் எலி கடித்த மாதிரி இருக்கும்.

அதுவரை வண்டியைத் தொப்பூருக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒரு சிலிண்டர் எரியாமல் துப்பும் எரிபொருள் எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரியும். அது உருகி அடைத்துக்கொண்டால், வால்வு வேலையைவிட அதற்குக் கொடுக்கும் பணம் வலிக்கும். சரிசெய்து வாங்கிய பிறகு, ஸ்டார்ட் செய்வதும் முதல் சில நிமிடமும் பெட்ரோலில் ஓடும்படி கிட்டில் செட் செய்திருக்கிறதா என்று பாருங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் ஆனதும் மறுபடி ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும்.