விலங்குப் பெயர் ஆய்வு வேலை: லத்தீனை விட ஆண்டுதான் தொல்லை

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. ஓர் அருங்காட்சியகத்தில் ஆறு மாதத் தற்காலிக ஆய்வு உதவியாளர் வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது. விலங்கினங்களுக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று ஆராயும் திட்டமாம். லத்தீன் தெரியாது. எப்படித் தயாராவது, வேலையில் எங்கே சறுக்கும்?

லத்தீனை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஓர் அகராதியும் நாலைந்து விகுதிகளும் போதும். இந்த வேலையில் பெரும்பாலான நேரம் போவது மூல விவரிப்பைத் தேடுவதில்தான். அதாவது, அந்த இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டி அச்சிட்ட பக்கத்தை. யார் வைத்தார், எந்த ஆண்டு, மாதிரி (பெயர் வைக்க ஆதாரமாக எடுத்துப் பாதுகாத்த விலங்கு) எங்கே பிடிபட்டது, இப்போது எங்கே இருக்கிறது, ஏன் அந்தப் பெயர் என்பதையெல்லாம் அங்கிருந்தே எடுக்க வேண்டும். பழைய நூல்களும் இதழ்களும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடல் உயிரினப் பெயர்களைத் தொகுக்கும் வோர்ம்ஸ் போன்ற தரவுத்தளங்கள் வழி காட்டும். ஆனால் அங்கிருப்பதை அப்படியே உங்கள் அட்டவணைக்கு மாற்றினால், அங்குள்ள பிழையும் கூடவே வந்துவிடும்.

அதிகம் சறுக்குவது ஆண்டில். உங்கள் பக்கத்து எண்ணூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலையாற்றின் அடியில் பாய் விரித்தாற்போலப் பரவி, இறால் பிடிப்பைக் கெடுத்திருக்கும் காக்கா ஆழி, மத்திய, தென் அமெரிக்கக் கரைகளிலிருந்து வந்த சிப்பி. பல காலம் அதை மைட்டெல்லா சரூவானா என்றே எழுதிவந்தார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் தோர்பிஞி 1842இல் வைத்த பெயர் என்று குறிப்பும் இருக்கும். அவர் வைத்த பெயருக்கு இப்போது ஏற்கப்படும் ஆண்டு 1846. அதே சிப்பிக்கு ஆங்கிலேயரான ஹேன்லி வைத்த 'ஸ்ட்ரிகாட்டா' என்ற பெயரோ 1843ஐச் சேர்ந்தது. விலங்குப் பெயரிடலில் முந்தியதற்கே முதலிடம் என்பதால், இன்று அது மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. தொகுதி தொகுதியாக, தவணை முறையில் வெளிவந்த நூல்களில் இந்தச் சிக்கல் சாதாரணம். லண்டன் விலங்கியல் கழகத்தின் நடவடிக்கை இதழிலும் அப்படித்தான். கடப்பாவுக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகளில் கிடைத்த 'மெட்ராஸ் மர மூஞ்சூறு'க்கு ஆங்கிலேய விலங்கியலாளர் வாட்டர்ஹவுஸ் பெயர் வைத்தது அந்த இதழின் 1849ஆம் ஆண்டுத் தொகுதியில். அது வெளியானது 1850இல். ஆகவே அச்சில் உள்ள ஆண்டு, உண்மையில் வெளியான ஆண்டு என்று அட்டவணையில் இரண்டு பத்திகள் (column) வையுங்கள். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பியதைப் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஹேன்லியின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். அவர் வேறொரு பேரினத்தில் (genus, பெயரின் முதல் சொல்) வைத்த இனம் பிறகு இடம் மாறியது என்பதற்கான அடையாளம் அது. பேரினம் மாறாவிட்டால் அடைப்புக்குறி கிடையாது. எக்செல்லில் இதைத் தனிப் பத்தியாக 'உண்டு, இல்லை' என்று குறியுங்கள். இன்னொன்று: 'ஹேன்லி, 1843' என்று ஒரே கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்தால், எக்செல் தானாக 1844, 1845 என்று கூட்டிக்கொண்டே போகும். பெயரை ஒரு பத்தியிலும் ஆண்டை இன்னொன்றிலும் போடுங்கள்.

பெயருக்கான காரணத்தை வகைப்படுத்துவது பார்க்க எளிது, ஆனால் ஏமாற்றும். மர மூஞ்சூறின் அறிவியல் பெயரில் வரும் 'எல்லியோட்டி', மெட்ராஸ் அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட்டைக் குறிக்கும். சீனத்து எலியட் ஃபெசன்ட் பறவையின் 'எல்லியோட்டி'யோ அமெரிக்கரான டேனியல் எலியட். ஊர்ப் பெயரும் இதே கதைதான். வெண்புருவ வாலாட்டியின் 'மதராஸ்படென்சிஸ்' நம்ம மெட்ராஸ்தான். 'மதராஸ்படானஸ்' என்று பெயர் கொண்ட வெள்ளைக்கண்ணிப் பறவை வாழ்வது மடகாஸ்கரில். மெட்ராஸ் பெயர்களைக் கூட்டிக் கணக்குப் போடும் முன் மாதிரி கிடைத்த இடத்தைப் பார்க்காவிட்டால் முடிவே தப்பாகிவிடும்.

தயாரிப்புக்குக் காசிமேடு போதும். ஐந்து மீன்களைத் தேர்ந்து அவற்றின் மூல விவரிப்பு வரை போய்ப் பாருங்கள். கானாங்கெளுத்தியில் ஆரம்பிக்கலாம்: 'கனகுர்த்தா' என்பது பேட்ரிக் ரஸ்ஸல் 1803இல் வெளியிட்ட விசாகப்பட்டினத்து மீன் நூலில் உள்ள உள்ளூர்ப் பெயர், பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1816இல் அதையே அறிவியல் பெயராக்கினார். வஞ்சிரத்தின் 'கொம்மெர்சன்' என்பதைப் பலர் 'கொம்மெர்சோனி' என்று தப்பாக எழுதுவார்கள், அதையும் கவனியுங்கள். இந்த ஐந்தையும் ஒரு தாளில் அட்டவணையாக்கி நேர்காணலுக்கு எடுத்துப் போனால் சான்றிதழ்களை விட அது நன்றாகப் பேசும். பெயரிடலின் தொடக்கப் புள்ளி 1758 என்பதையும், பெயர் வைத்தவரே குறித்த ஒற்றை மாதிரி ஹோலோடைப், அவர் குறிக்காமல் விட்ட பல மாதிரிகளிலிருந்து பின்னால் தேர்ந்தது லெக்டோடைப், எதுவுமே மிஞ்சாதபோது புதிதாக நியமிப்பது நியோடைப் என்பதையும் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

மாதிரிப் புட்டிகளைத் தொட நேர்ந்தால், பழைய சீட்டை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். எழுத்து மங்கியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு, புதுச் சீட்டைப் பழையதோடு சேர்த்தே போடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை: தொகுப்பூதியம் எந்தத் தேதியில் வரும், கட்டுரை வெளியானால் உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையிலா, நன்றிப் பட்டியலிலா, நீங்கள் தயாரிக்கும் அட்டவணையின் பிரதியை வைத்துக்கொள்ளலாமா. அனுபவச் சான்றிதழில் 'தற்காலிகப் பணியாளர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். திட்டத்தின் பெயரும், சரிபார்த்த பெயர்களின் எண்ணிக்கையும் அதில் வர வேண்டும். கடைசி வாரத்தில் அல்ல, ஐந்தாம் மாதமே கேட்டு வையுங்கள்.