கணவரிடம் அல்லது மனைவியிடம் உங்களுக்கு இன்றுவரை பிடிபடாத பொழுதுபோக்கு எது? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய கேமரா சேர்ப்பது. அதிலும், சேர்த்துவிட்டுப் படமே எடுக்காமல் இருப்பது.

சேர்ப்பதுகூடப் புரிகிறது. தபால்தலை சேர்க்கிறவர்கள், பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் எல்லாம் உலகத்தில் இருக்கத்தானே செய்கிறார்கள். ஆனால் வீட்டில் முப்பதுக்கு மேல் கேமரா வைத்துக்கொண்டு, பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு "தம்பி, உன் செல்லுல ஒரு படம் எடுப்பா" என்று சொல்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்க்கிறேன். சோறும் போடுகிறேன்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் எங்கள் ஊர். அவர் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். எனக்குக் கிளை அஞ்சலகத்தில் வேலை. இதில் அவருக்கு என்ன சங்கடம் என்றால், வாங்குகிற ஒவ்வொரு கேமராவும் என் கையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். மற்ற ஆண்கள் வீட்டுக்குத் தெரியாமல் எதையாவது வரவழைத்து, "இது பழசு, ரொம்ப நாளா இங்கேயேதான் கிடக்கு" என்று சொல்லிச் சமாளிக்கலாம். இவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பார்சலைக் கையில் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிடும். லேசாக இருந்தால் ஆக்ஃபா, கை இறங்கினால் ஜெனிட். எவ்வளவு கொடுத்தார் என்று நான் கேட்பதே இல்லை, இன்ஷூர் செய்த பார்சலில் தொகையை மேலேயே எழுதியிருப்பார்கள்.

ஆரம்பித்தது ஆக்ஃபா கிளிக் 3-இல்தான். ஒரு போட்டு முதலாளி இன்ஜின் வேலைக்குக் கூலிப் பாக்கி வைத்திருந்தார். பல மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் பாதிப் பணமும் ஒரு கேமராவும் கொடுத்தார். நான் பாக்கியைக் கேட்டேன், இவர் கேமராவைக் கொண்டுவந்து காட்டினார். கருப்பு டப்பா. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. வெயிலா மேகமா என்று அது கேட்கும், நாம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி செய்தது. 120 என்கிற அகலமான சுருள் ஃபிலிம் போட்டால் பன்னிரண்டு படம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் தாத்தா பாட்டி வாசற்படியில் விறைப்பாக நிற்கிற சதுரமான கருப்பு வெள்ளைப் படம் ஏதாவது இருந்தால், அது இந்த டப்பா எடுத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் ஃபிலிமும் நம்மூரிலேயே தயாரானது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-இலிருந்து 'இந்து' என்ற பெயரில் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது மூடிக் கிடக்கிறது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னால் காதில் விழத்தானே செய்யும்.

அப்புறம் ஒன்றொன்றாக வந்தன. கீழக்கரைப் பக்கம் சிங்கப்பூர், வளைகுடா என்று போய்வந்த குடும்பங்கள் அதிகம். அந்த வீடுகளின் பரணிலிருந்து இறங்குகிற யாஷிகாக்கள் ராமநாதபுரம் காயலான் கடைகளுக்கு வந்து சேரும். கடைக்காரர்களுக்கு இவரைத் தெரியும். "அண்ணே, ஒண்ணு வந்திருக்கு" என்று போன் போடுவார்கள். மனுஷன் சாப்பாட்டை பாதியில் விட்டுப் போவார். என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோதுகூட இவ்வளவு வேகமாக பைக் எடுத்ததில்லை.

இந்தக் கரையில் கேமரா வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தச் சிரமத்தில் பாதி என் தலையில். உப்புக்காற்று அலுமினியத்தை வெள்ளை பூக்க வைக்கும், ஸ்க்ரூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம் பூஞ்சை. லென்ஸுக்கு உள்ளே, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், மெல்லிய நூல் பிரிந்து ஓடுவதுபோல் வளரும். சும்மா பார்த்தால் தெரியாது, பின்பக்கம் டார்ச் அடித்தால்தான் தெரியும். ஈரமும் இருட்டும் இருந்தால் போதும், கண்ணாடியில் ஒட்டியிருக்கிற தூசி, கைரேகை எண்ணெயைத் தின்றே பிழைத்துக்கொள்ளுமாம். நாள்பட விட்டால் மேற்பூச்சை அரித்துவிடும். அதற்குப் பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

ரொம்பப் பேர் செய்கிற தப்பு, கேமராவை அதன் தோல் உறையிலேயே போட்டுப் பத்திரமாக வைப்பது. தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் கேமரா தனியாக, உறை தனியாக. வெயில் அடிக்கிற நாளில் உறைகள் எல்லாம் திண்ணைக் கொடியில் கருவாடு மாதிரி தொங்கும். கேமராக்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்களில், சிலிக்கா ஜெல்லோடு. டப்பாவுக்குள் ஈரப்பதம் காட்டுகிற ஒரு குட்டி மீட்டரும் உண்டு. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்க வேண்டுமாம். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கிறபோது அதே மீட்டரைக் கூடத்தில் வைத்தால் எண்பதைத் தாண்டி நிற்கும்.

சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறிவிட்டால், வறுத்து மறுபடி பழைய நிறத்துக்குக் கொண்டுவரலாம். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் என் வாணலியில் நீல நீலமாக ஏதோ வறுபட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நீலச் சாயத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தின் பக்கமே அதைக் கொண்டுவரக் கூடாது. அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் வறுத்து முடித்த பிறகு! வாணலி அன்றைக்கே அவர் பட்டறைக்குப் போய்விட்டது. எனக்குப் புதுசு வந்தது, கொஞ்சம் பெரிதாகவே.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு? இதுதான் எனக்கு நெடுநாள் விளங்காத இடம்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். போட்டுகளை எல்லாம் வேலைக்கு ஏற்றிவிடுவார்கள், இவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மாறாக, மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றிக் கடலுக்குப் போகாத நாட்கள் இருக்கிறதே, அவைதான் கேமரா நாட்கள். கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து (ஸ்க்ரூ தவறி விழுந்தால் தெரிய வேண்டுமாம்) உட்கார்ந்துவிடுவார். லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்குத் திறந்து மூடுகிற ஷட்டர் இதழ்களில் காய்ந்து ஒட்டிப்போன எண்ணெயை லைட்டர் பெட்ரோல் தொட்டு எடுப்பார். பிறகு வேகத்தை ஒரு விநாடிக்கு வைத்துப் பொத்தானை அமுக்குவார். உள்ளே குட்டிப் பற்சக்கரங்கள் 'ஜ்ஜ்ஜ்' என்று ஓடி 'டக்' என்று மூட வேண்டும். பழைய கேமராக்களில் முதலில் படுத்துக்கொள்வது இந்த மெதுவான வேகங்கள்தான். 'ஜ்ஜ்' என்று தொடங்கி நடுவில் நின்றுவிடும். மறுபடி பெட்ரோல், மறுபடி 'ஜ்ஜ்'. கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்துக் கேட்பார். ஒரு விநாடி, அரை, கால், அரைக்கால் என்று வரிசையாக இறங்கி வருவார். எல்லாம் சரியாக ஓடிவிட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம். டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுவார். கதை முடிந்தது.

பாம்பன் துறைமுகத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கையில் டீயோடு தலையைச் சாய்த்து நிற்பாரே, அதே முகம்தான். அதைப் பார்த்த பிறகுதான் ஓரளவு விளங்கியது. இவருக்குக் கேமரா பார்க்கிற சாமான் இல்லை, கேட்கிற சாமான். படம் எடுப்பதெல்லாம் வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை.

எனக்கோ நேர் எதிர். டப்பா எப்படிப் போனால் என்ன, படம்தான் வேண்டும். ஒருமுறை காயலான் கடையிலிருந்து வந்த ஒரு கேமராவுக்குள் ஃபிலிம் சுற்றியபடியே இருந்தது. எடுத்து முடித்த ரோல். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. யார் வீட்டுக் கல்யாணமோ, கப்பலுக்குப் புறப்பட்ட யாரோ ஒருத்தரோ, 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியாகவேகூட இருக்கலாமே என்று ஓடியது மனசு. ராமநாதபுரத்தில் அவருக்குப் பழக்கமான ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். இப்போது பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட்தான் பிழைப்பு, ஆனால் டெவலப் செய்கிற பழைய டேங்கைத் தூக்கிப் போடவில்லை. அவரிடம் கொடுத்துக் கழுவினோம். சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மனிதர் இல்லை, மரம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. இந்த 120 ஃபிலிமுக்குப் பின்னால் எண் அச்சடித்த ஒரு காகிதம் சேர்ந்தே சுற்றியிருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் வருஷக்கணக்காகக் கிடந்ததில் காகிதத்தின் மை தடம் ஃபிலிமில் பதிந்து, படம் அழிந்து, எண் மட்டும் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வராத குறை. இவர் சுருளை அளந்து பார்த்துவிட்டு, "எண்ணெல்லாம் வரிசையா வந்திருக்கு பாத்தியாம்மா, காகிதம் கொஞ்சங்கூட நகரலை, சுத்துற கட்டை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவரும் படம் எடுத்திருக்கிறார். 2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தார்கள். 1914-இலிருந்து நின்ற பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிருந்தது, அதைப் பிரித்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. கப்பல் வந்தால் இரண்டு பாதியாக மேலே தூக்கி வழிவிட்ட அதன் நடுப்பகுதியை ஆட்களே கையால் சுற்றித்தான் திறந்துவந்தார்கள். இன்ஜின்காரருக்கு அதன்மேல் தனி மரியாதை. அதனால் யாஷிகா மேட் 124ஜி-யில் நிஜமாகவே ஃபிலிம் போட்டு எடுத்துக்கொண்டு சாலைப் பாலத்துக்குப் போனோம். இரண்டு கண் வைத்த கேமரா அது, மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். எனக்கும் காட்டினார். இடமும் வலமும் மாறித் தெரியும். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த வத்தைப் படகு ஒன்று வலப்பக்கம் போகிறது, கண்ணாடியில் இடப்பக்கம் போகிறது. அதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று கேமராவைத் தப்பான பக்கமே திருப்பிக்கொண்டிருந்தேன். சுற்றிச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர், "என்ன தம்பி, சர்வேயா? இன்னொரு பாலம் வரப்போகுதா?" என்று கேட்டார். இவர் கொஞ்சம்கூடச் சிரிக்காமல், "இல்லைங்கய்யா, ஷட்டர் டெஸ்ட்" என்றார்.

ஒரு ரோல் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. பன்னிரண்டு படம் என்றால் ஒரு தடவை அமுக்க எண்பது ரூபாய், கழுவுகிற செலவு தனி. இந்தக் கணக்கைப் பார்த்தால் அவர் படம் எடுக்காமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லதுதான் என்று சில நேரம் தோன்றும்.

சமாளிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, பிரயோஜனம் இல்லை. இப்போது ஒரே ஒரு சட்டம். டப்பாக்கள் அவர் பங்கு பீரோவைத் தாண்டக் கூடாது. புதிதாக ஒன்று வந்தால் பழசில் ஒன்று போக வேண்டும். போவது எது என்று முடிவு செய்ய அவர் எடுத்துக்கொள்கிற நேரத்தில் அடுத்த பார்சலுக்கான ஆசையே பாதி அடங்கிவிடுகிறது. இதே தொல்லை உள்ள சகோதரிகள் முயன்று பார்க்கலாம்.

இப்போதைக்குத் தீராத வழக்கு ஒன்று ஓடுகிறது. என் மாமியாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அவருடைய இளவயதுப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. வாக்காளர் அட்டைப் படம்தான் இருப்பதில் நன்றாக இருக்கிறது, அதில் அவரை அவருக்கே அடையாளம் தெரியாது. "இத்தனை பொட்டி வச்சிருக்கானே, ஒண்ணுலயாவது என்னைப் புடிச்சு மாட்டச் சொல்லு ஆத்தா" என்று என்னிடம்தான் சொல்வார். நானும் பிடித்த பிடியில் நின்று ஒரு ரோல் வாங்க வைத்துவிட்டேன். ஆனால் எந்தக் கேமராவில் எடுப்பது? யாஷிகாவில் எடுங்கள், முகம் துல்லியமாக விழும் என்கிறேன் நான். இவர் ஜெனிட்டில் எடுக்கலாம் என்கிறார். அதன் நெற்றியில் இருக்கிற செலினியம் தகடு பேட்டரி இல்லாமலே வெளிச்சத்தை மின்சாரமாக்கி முள்ளை ஆட்டும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆடுகிறதாம், அது சொல்கிற கணக்கு சரியா என்று பார்க்க வேண்டுமாம். ஆனால் வாங்கி வைத்திருக்கிற 120 ரோல் ஜெனிட்டுக்குள் போகாது, அதற்கு அகலம் குறைந்த 35 எம்எம் ஃபிலிம் வேண்டும். ஆக, இன்னொரு ரோல்.

நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிப்பதாகத் தெரியவில்லை என்று நேற்று அத்தை தலையைச் சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அவன் செல்லில் எடுத்துக்கொண்டார். நன்றாகத்தான் வந்திருக்கிறது.