பனிக்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்: விற்க வேண்டாம் தம்பி, டயரை மாற்றுங்கள்

தம்பி, நீங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆசைப்பட்டு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். ரியர் வீல் டிரைவ், அதாவது எஞ்சின் பின்சக்கரத்தை மட்டும் சுழற்றும் வண்டி. போன குளிர்காலத்தைப் பேருந்திலேயே கழித்துவிட்டீர்கள், அதனால் பனியில் ஓட்டிய அனுபவம் இல்லை. கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் "இதைப் பனியில் ஓட்டவே முடியாது, விற்றுவிட்டு நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி வாங்கு" என்கிறார்கள். விற்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்க வேண்டாம். நான் பதினொரு குளிர்காலம் அப்படி ஒரு வண்டியில்தான் வேலைக்குப் போய் வந்தேன். எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், தரைக்கும் வண்டிக்கும் நடுவில் அரைச் சாண் இடைவெளி. ஐரோப்பிய கார் நிறுவனங்கள் பலவும் தங்கள் புது வண்டிகளை, ஸ்போர்ட்ஸ் கார்களையும் சேர்த்து, ஸ்வீடனின் வடக்கே ஆர்யெப்லோக் பக்கம் உறைந்து கிடக்கும் ஏரிகள் மேல் ஓட்டித்தான் சோதிக்கின்றன. வண்டிக்குப் பனி புதிதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பேரமே கிடையாது: வின்டர் டயர் போடாமல் அந்த வண்டியை ஒரு நாள்கூட வெளியே எடுக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சாதாரணக் கார் பலவற்றில் ஆல் சீசன் டயராவது, அதாவது எல்லாப் பருவத்துக்கும் பொதுவான டயராவது இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் வருவது அநேகமாக சம்மர் டயர். வெயில் காலத்தில் தாரைக் கவ்விப் பிடிக்கிற அதே ரப்பர், வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க விறைத்துப் போகும். நிறையப் பேர் "பனி விழட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று காத்திருக்கிறார்கள். ஆபத்து பனிக்கு முன்பே வந்துவிடுகிறது.

எனக்கு அது முதல் வருடத்திலேயே நடந்தது. நவம்பர் மாதக் காலை. பனி ஒரு பொட்டுகூட இல்லை, ரோடு லேசாக ஈரம், அவ்வளவுதான். டேஷ்போர்டு 2 டிகிரி காட்டியது. சிக்னலில் பச்சை விழுந்ததும் வழக்கம்போலத் திரும்பினேன், வழக்கம்போல ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். வண்டியின் பின்பக்கம் விலகுவது முதலில் இடுப்பில்தான் தெரிந்தது, யாரோ இருக்கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்ததுபோல. கண்ணுக்குத் தெரிவதற்குள் வண்டி சுற்றி, நான் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. எதிர் லேனில் அந்த நேரம் யாரும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அன்று சாயங்காலமே டயருக்குச் சொல்லிவிட்டேன்.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிச்செதில். இந்தச் சின்னம் இருக்க வேண்டும். வெறும் எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் இருந்தால் போதாது. அந்த எழுத்துகளுக்குப் பனியில் சோதித்துத் தேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாலு டயரும் மாற்றுங்கள். "இழுப்பது பின்சக்கரம்தானே, பின்னால் ரெண்டு போட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படிப் போட்டால் வண்டி நகரும், ஆனால் திரும்பாது, நிற்காது.

அகலமான டயர்தான் நல்லது என்ற எண்ணத்தையும் இந்த நாலு மாதம் ஓரமாக வைத்துவிடுங்கள். அகல டயர் பனியின் மேல் மிதக்கும். ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். அதனால் 19 அங்குல ரிம் இருக்கும் வண்டிக்குக் குளிர்காலத்துக்கென்று 18 அல்லது 17 அங்குல ரிம் தனியாக வாங்கி, ஒடுங்கிய டயர் மாட்டுவார்கள். ரப்பர் சுவர் உயரமாக இருப்பதால் பனிக்குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் பெரியது, சின்ன ரிம் அதன் மேல் உட்காராமல் போகலாம். உங்கள் மாடலுக்கு ஆகக் குறைந்த அளவு எது என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். போட்ட பிறகு காற்றையும் அடிக்கடி பாருங்கள். ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (காற்றடிக்கும் இடத்தில் காட்டும் அளவு) குறைந்துவிடும்.

எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியில் தேதிக் கணக்கில்லை, ரோட்டில் பனியோ ஐஸோ இருந்தால் போட்டிருக்க வேண்டும். உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

நாலு சக்கர இழுவை பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. நின்ற இடத்திலிருந்து கிளம்பவும் ஏற்றம் ஏறவும் அது பெரிய உதவி. நிற்பதற்கு உதவாது, பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். பிரேக்கை மிதித்த இடத்திலிருந்து காய்ந்த தார் ரோட்டில் 12, 15 மீட்டரில் நிற்கலாம். அழுந்திய பனியில் 50 மீட்டர் வேண்டும். வழுவழுப்பான ஐஸ் என்றால் 100 மீட்டருக்குப் பக்கம். முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு பண்ணுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

டயருக்கு அடுத்தது உயரம். இதற்கு மாற்று வழி கிடையாது. புதுப்பனி முன் பம்பரின் கீழ் விளிம்பைத் தாண்டிவிட்டால் வண்டி பனியைத் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்ச தூரத்தில் வயிறு பனிமேல் உட்கார்ந்துவிடும், சக்கரம் சும்மா சுற்றும். எத்தனை நல்ல டயரும் அப்போது பயன்படாது. அந்த மாதிரி நாளில் நான் வண்டியை எடுத்ததில்லை. வருடத்துக்கு நாலைந்து நாள் அப்படி வரும். வேலையிடத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பேருந்து நேரத்தையும் தெரிந்து வையுங்கள். இன்னொன்று, பனி தள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்போது உங்கள் வாசலில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரத்தில் கல்லாகிவிடும். வேகமாக ஏறித் தாண்டிவிடலாம் என்று நினைத்தால் பம்பர் உடையும். மண்வெட்டியால் வெட்டி வழி எடுத்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.

இனி ஓட்டுவது. மழையில் ஓட்டிப் பழகியவருக்குப் பனி இன்னொரு மழைபோலத்தான் தோன்றும். அப்படியில்லை. பனியில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யலாம்: பிரேக் பிடிப்பதென்றால் நேராகப் போகும்போதே பிடித்து முடித்துவிடுங்கள், அப்புறம் திருப்புங்கள், திருப்பி முடித்தபின் ஆக்சிலரேட்டர். மூன்றையும் கலந்தால் டயர் தாங்காது. கிளம்பும்போது இரண்டாவது கியரில் கிளம்புங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஸ்னோ மோடு இருந்தால் அதில் போடுங்கள், ஸ்போர்ட் மோடு பக்கமே போக வேண்டாம். கியரைக் குறைத்து வேகத்தை அடக்குவது ரியர் வீல் டிரைவில் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. சட்டென்று கீழ் கியருக்குப் போய் கிளட்சை விட்டால், பின்சக்கரம் இரண்டையும் மட்டும் பிரேக் பிடித்ததுபோல் ஆகி, பின்பக்கம் சுழன்றுவிடும். மின்சாரக் கார் என்றால், காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைக்கும் அந்த அமைப்பைக் குறைத்து வையுங்கள், காரணம் அதேதான்.

பின்பக்கம் விலகினால் பிரேக் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே திருப்புங்கள். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும். விளக்குக் கம்பத்தைப் பார்த்தால் கம்பத்துக்குத்தான் போவீர்கள். வண்டி நேராகும்போது ஸ்டியரிங்கையும் நேராக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் வீசிவிடும். முன்பக்கம் திரும்பாமல் நேராகவே போனால் இன்னும் அதிகமாகத் திருப்பத் தோன்றும். செய்யாதீர்கள். கொஞ்சம் நேராக்கி, வேகம் குறையவிட்டால் டயர் மறுபடி பிடிக்கும். நேரே எதையோ மோதப் போகிறோம் என்ற அவசரத்தில் மட்டும் பிரேக்கை முழுசாக மிதித்து அப்படியே பிடியுங்கள்; பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று அதிரும், அது ஏபிஎஸ், அதாவது பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, வேலை செய்கிற சத்தம், பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றாமல் அடக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை எப்போதும் ஆனில் வையுங்கள். பனியில் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியாதபோது மட்டும் அணைத்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கலாம். டிக்கியில் சின்ன மண்வெட்டியும் ஒரு பை மணலும் இருக்கட்டும்.

வெள்ளையாகத் தெரியும் பனியைவிட எனக்குப் பயம் பிளாக் ஐஸ்தான், ரோட்டில் கண்ணாடிபோல் படியும் மெல்லிய ஐஸ். பார்த்தால் வெறும் ஈர ரோடு மாதிரியே இருக்கும். பாலங்களில் முதலில் வரும். மேலும் கீழும் குளிர்காற்று, தரையின் சூடு எட்டாது. மர நிழலில் வரும். கடுங்குளிரைவிட பூஜ்யம் டிகிரிப் பக்கம்தான் வழுக்கல் அதிகம், ஐஸ்மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்பதால். கண்டுபிடிக்க எனக்கு உதவிய அடையாளம் இரண்டு. முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறித்துக்கொண்டே வரும், திடீரென்று தெறிப்பது நின்றுவிடும், ஆனால் ரோடு இன்னும் பளபளக்கும். மற்றது, டயரின் இரைச்சல் சட்டென்று அடங்கிப் போவது. அந்த அமைதி காதில் விழுந்தால் ஒன்றும் செய்யாதீர்கள்: பிரேக் இல்லை, திருப்பல் இல்லை, காலை மட்டும் மெல்லத் தளர்த்தி அதைக் கடந்து போங்கள்.

காலையில் கிளம்பும்போது கால் மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை சைலன்சர் குழாய். உங்கள் வண்டியில் அது தரையை ஒட்டி இருக்கிறது, இரவில் பெய்த பனி அதை மூடியிருக்கும். அதைத் தோண்டித் திறக்காமல் எஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. உயிர் போகிற விஷயம், ஒரு நாளும் விடாதீர்கள். கூரைமேல் உள்ள பனியையும் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் முதல் பிரேக்கிலேயே அத்தனையும் முன் கண்ணாடியில் சரிந்து வரும். எல்இடி விளக்குக் கண்ணாடிமேல் ஒட்டிய பனி தானாக உருகாது, அதையும் துடையுங்கள்.

அப்புறம் கதவு. இரண்டு கதவுக் கார் பலவற்றில் ஜன்னலைச் சுற்றிச் சட்டம் இருக்காது. கைப்பிடியைத் தொட்டதும் கண்ணாடி ஒரு விரல் அகலம் கீழே இறங்கி வழிவிடும், அப்புறம்தான் கதவு திறக்கும். மழை பெய்து இரவில் உறைந்தால் கண்ணாடி ரப்பரோடு ஒட்டிக்கொண்டு இறங்காது. உள்ளே மோட்டார் முனகுகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்போது பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடி உடையவும் செய்யும். கண்ணாடியின் மேல் விளிம்பு நெடுகிலும் உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள், ஐஸ் பொடிப்பொடியாக உதிரும், அப்புறம் இழுங்கள். குளிர் தொடங்கும் முன் ரப்பர் முழுவதும் சிலிகான் கிரீஸ் தடவி வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். சுடுதண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

எஞ்சின் சூடாகும்வரை வேகமாக முறுக்க வேண்டாம். ரோட்டில் போடும் உப்பு வண்டியின் அடியைத் தின்றுவிடும்; இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குளிர் கொஞ்சம் தணிந்த நாளாகப் பார்த்து அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

இதெல்லாம் முடியாது என்று தோன்றினால் வண்டியைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பதிலும் தப்பில்லை. டேங்க் நிரப்பி, பேட்டரியைச் சார்ஜரில் போட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். வாரம் ஒரு தரம் பத்து நிமிடம் எஞ்சினைப் போட்டு அணைப்பது நல்லதில்லை; எஞ்சின் முழுசாகச் சூடாகாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம்தான் சேரும்.

ஓட்டுவதென்று முடிவு செய்தால், முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத பெரிய பார்க்கிங் ஏதாவது இருந்தால் அனுமதி கேட்டுக்கொண்டு அங்கே போங்கள். 20 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதித்து ஏபிஎஸ் அதிர்வைக் காலில் உணருங்கள். பின்பக்கத்தை வேண்டுமென்றே கொஞ்சம் வழுக்கவிட்டுத் திரும்பப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

டயர் அளவு தெரியாவிட்டால், ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அளவாக இருக்கலாம். அதையும் வண்டியின் மாடலையும் வருடத்தையும் எழுதுங்கள், எந்த ரிம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அக்டோபர் பாதிக்குள் எழுதிவிடுங்கள் தம்பி, முதல் பனி விழுந்த வாரத்தில் டயர் மாட்ட இடம் கிடைக்காது.