நான்கு விதமாகத் துண்டறிக்கை அடிக்க வேண்டுமா?

சிறுதொழில் வாசகர்களின் விளம்பரக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டுக் குடிநீர் வடிகட்டி தயாரித்து விற்கிறோம். "வாடிக்கையாளர்களில் பார்த்துப் புரிந்துகொள்பவர், கேட்டுப் புரிந்துகொள்பவர், படித்துப் புரிந்துகொள்பவர், செய்துபார்த்துப் புரிந்துகொள்பவர் என்று நான்கு வகை உண்டு. வகைக்கு ஒரு விளம்பரத் தொகுப்பு தயாரியுங்கள்" என்கிறார் விளம்பர ஆலோசகர். செலவு நான்கு மடங்காகிறது. அவசியம்தானா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை ஒரே தொகுப்பைச் செம்மையாகச் செய்யச் செலவிடுங்கள்.

உங்கள் ஆலோசகர் சொல்லும் நான்கு வகை, நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் உருவாக்கிய 'வார்க்' கேள்வித்தாளில் இருக்கிறது. அவரும் கொலீன் மில்ஸும் 1992-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். தாங்கள் எப்படிப் படிக்கிறோம் என்று மாணவர்கள் யோசித்துப் பார்க்க உதவுவதுதான் அதன் நோக்கம். பொருள் வாங்க வருபவர்களைத் தரம் பிரிப்பதல்ல. பிறகு 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் இத்துறை ஆய்வுகளை அலசினார்கள். ஒருவருடைய 'வகை'க்கு ஏற்றபடி பாடத்தைக் கொடுத்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்று காட்டப் போதிய சான்று கிடைக்கவில்லை. "எனக்குப் படம்தான் பிடிக்கும்" என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிடிப்பது வேறு, புரிவது வேறு.

எதைப் படமாக்குவது, எதை எழுத்தாக்குவது என்பதை ஆளை வைத்து முடிவு செய்யாதீர்கள். சொல்லவேண்டிய விஷயத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வடிகட்டி சமையலறையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்குப் படம்தான் சரி. மாற்றும் காலம் வந்ததும் கருவி எழுப்பும் ஒலியைக் கேட்கத்தான் வைக்க வேண்டும். விலை, கொள்ளளவு, உத்தரவாதக் காலம் மூன்றும் அட்டவணையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். வடிகட்டும் குழலைக் கழற்றி மாற்றுவதைக் கையால் செய்துதான் பழக வேண்டும். இந்த நான்கும் ஒரே வாடிக்கையாளருக்குத் தேவை.

ஒரே செய்தியைப் பல வடிவில் தருவதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. மூக்குக் கண்ணாடி கையில் இல்லாதவர், காது கேளாதவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர், சத்தமான இடத்தில் கைப்பேசியைப் பார்ப்பவர் என எல்லோரையும் சென்றடைய வேண்டும். அதற்கு முதலில் ஒரு பக்கத்தில் மூலக் குறிப்பு எழுதுங்கள்: யாருக்கான பொருள், என்ன சிக்கலைத் தீர்க்கிறது, மூன்று முக்கியக் கூறுகள், அதற்கு ஆதாரம், அடுத்து வாடிக்கையாளர் செய்யவேண்டியது. காணொளி, துண்டறிக்கை, குரல்பதிவு எல்லாம் இதிலிருந்தே பிறக்கட்டும். தனித்தனியாக எழுதினால் துண்டறிக்கையில் ஓராண்டு உத்தரவாதம், காணொளியில் இரண்டாண்டு என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்த வடிவத்தையும் வாடிக்கையாளர் நம்பமாட்டார்.

கேள்வி: ஏ4 தாளை மூன்றாக மடித்த துண்டறிக்கை அடித்தோம். எல்லாத் தகவலும் இருந்தும், தொலைபேசியில் அழைப்பவர்கள் அதில் இருப்பதையே கேட்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் படம் ஓரிடத்திலும் விளக்கம் வேறிடத்திலும் இருக்கும். பாகங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, கீழே பெட்டியில் பெயர்களைப் பட்டியலிடுவது பழைய வழக்கம். கண் மேலும் கீழும் அலையும்போது வாசகருக்கு நினைவில் எதுவும் நிற்பதில்லை. பாகத்தின் பெயரை அதன் பக்கத்திலேயே எழுதி, மெல்லிய கோட்டால் இணையுங்கள். கற்றல் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் மேயரின் சோதனைகளும், படமும் அதற்குரிய சொல்லும் அருகருகே இருந்தால் நன்றாகப் புரிகிறது என்றே காட்டின.

வாங்கும் முன் எழும் கேள்விகளையே தலைப்புகளாக்குங்கள். 'சிறப்பம்சங்கள்' என்ற தலைப்பைப் பார்த்ததும் கண் தாவிவிடும். 'எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?' என்று இருந்தால் நிற்கும்.

இனி அச்சு வேலை. 297 மி.மீ. அகலத்தைச் சமமாகப் பிரிக்காமல் 100, 100, 97 என்று பிரியுங்கள். உள்ளே மடியும் பக்கம்தான் 97. அது குறுகலாக இல்லாவிட்டால் மடிப்பில் முட்டிக்கொண்டு தாள் வளையும். ஓரம்வரை நிறம் வந்தால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். படங்கள், அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகச் சிறிய தமிழ் எழுத்தைப் போடாதீர்கள்: மை பரவி ண, ணை போன்ற எழுத்துகளின் சுழி அடைபடும். தமிழைக் கோக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் 'கொ', 'கெ' ஆகியவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆகவே அச்சுக்குப் போகும் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியையும் படியுங்கள். திரையில் பார்க்கும் பிரதியில், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும், இணைய அணுகல் வழிகாட்டுநெறி கேட்கும் அளவு அது. 'சிவப்பு என்றால் மாற்று, பச்சை என்றால் சரி' என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள், முக்கியமாக ஆண்களில், கணிசமாக உண்டு. கூடவே ஒரு சொல்லோ குறியோ வேண்டும்.

கேள்வி: நான்கு நிமிடக் காணொளி எடுத்தோம். பாதிப் பேர் தொடக்கத்திலேயே போய்விடுகிறார்கள்.

பதில்: சின்னம் சுழல்வதும் நிறுவனரின் வணக்கமும் முதலில் வருகிறதா? வெட்டிவிடுங்கள். முதல் ஐந்து விநாடியில் முடிவைக் காட்டுங்கள்: பொருத்தி முடித்த கருவி, நிரம்பும் குவளை. பிறகு அந்த நான்கு நிமிடத்தை மூன்று நான்கு துண்டாக்குங்கள். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி, அறுபது முதல் தொண்ணூறு விநாடி.

பேசுவதையே திரை முழுக்க எழுத்தாக ஓடவிடுவது பரவலான பிழை. ஒரே வாக்கியத்தைக் கண் ஒரு வேகத்திலும் காது ஒரு வேகத்திலும் வாங்குவதால் இரண்டும் மோதும். படத்தைப் பார்க்க ஆள் இருக்காது. பாகத்தின் மேல் இரண்டு மூன்று சொல் போதும். ஆனால் வசனவரி வேறு விஷயம். பலர் ஒலியில்லாமல் பார்ப்பதால் அது கட்டாயம் வேண்டும்: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாமல், கைப்பேசிச் செயலியின் பொத்தான்கள் மறைக்காத உயரத்தில், அணைக்கக்கூடியதாக.

நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கு ஆங்கிலத்துக்கானது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்தே நேரத்தை அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: 'கேட்பவர்'களுக்காகத் துண்டறிக்கை முழுவதையும் குரல்பதிவாக அனுப்பினோம். பலனில்லை.

பதில்: ஒலியில் வேண்டிய இடத்துக்குத் தாவ முடியாது, எண்களும் காதில் தங்காது. நாற்பது விநாடிக்குள் ஒரே விஷயம் சொல்லுங்கள். மாதிரி எண், விலை, தொலைபேசி எண் மூன்றையும் பதிவின் கீழே எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: செயல்விளக்கம் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் வாங்கியபின் குழலை மாற்றத் தெரியவில்லை என்று அழைக்கிறார்கள்.

பதில்: செய்வது உங்கள் விற்பனையாளர், பார்ப்பது வாடிக்கையாளர். அதனால் அது அவருக்கு வெறும் காட்சியாகவே முடிகிறது. கருவியை அவர் கையில் கொடுங்கள். ஜோஆன் பெக், சுசான் ஷூ இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளைத் தொட்டாலே அது தனது என்ற உணர்வு கூடுவது தெரியவந்தது. ஆக, விற்பனைக்கும் இது நல்லதே.

தண்ணீர் இணைக்காத கருவி ஒன்று போதும். அதில் வாடிக்கையாளரே செய்துபார்க்க வேண்டிய படிகள் இவை: குழாயை மூடுதல், அழுத்தத்தை வெளியேற்றுதல், உறையைத் திருகிக் கழற்றுதல், பழைய குழலை எடுத்தல், ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தல், புதிய குழலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாளைப் பிரித்து உள்ளே வைத்தல், உறையைக் கையால் இறுக்குதல், குழாயை மெதுவாகத் திறத்தல். வளையம் நகர்ந்தால் கசியும். திருகுசாவியால் அளவுக்கு மீறி முறுக்கினால் உறை விரிசல் விடும், அல்லது அடுத்த முறை கழற்ற வராது. பிளாஸ்டிக்கைப் பிரிக்க மறப்பவர்களும் உண்டு.

விற்பனையாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். எந்தப் படியில் தயங்குகிறார்கள் என்று குறிக்கட்டும். மூன்று பேர் ஒரே இடத்தில் தயங்கினால் துண்டறிக்கையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மீண்டும் வரையுங்கள்.

கேள்வி: எந்த வடிவம் வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அடிப்பதற்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை. முன்னால்: பொருளை அறியாத ஐந்து பேரிடம் தனித்தனியே கொடுத்து, இரண்டு நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு, "இது எதற்கு, எப்போது மாற்ற வேண்டும், வாங்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள்.

பின்னால்: துண்டறிக்கைக்கு ஒன்று, சுவரொட்டிக்கு ஒன்று, காணொளிக்கு ஒன்று என வெவ்வேறு க்யூஆர் குறியீடு வையுங்கள். கையில் பிடிக்கும் தாளில் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சுவரொட்டியில் பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். குறியீட்டைச் சுற்றிலும், அதில் உள்ள சிறு கட்டங்களில் நான்கின் அகலம் வெறுமையாக விடுங்கள், இல்லையேல் கைப்பேசி படிக்கத் தடுமாறும். இரண்டு துண்டறிக்கைகளை ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தலைப்பையும் படத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று பிரிக்க முடியாது. குறியீட்டைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியபின் எத்தனை பேர் விளக்கம் கேட்டு அழைத்தார்கள் என்பதையும் அதே ஏட்டில் எழுதி வையுங்கள்.